ஜாமீன் வந்துச்சு, மாத்திரை வரல

குடியாத்தம் பக்கம் டிபி ப்ரோக்ராம்ல வேலை எனக்கு. பரதராமி தாண்டுனா சித்தூர் ஜில்லா, அதனால ஆந்திரா ஜெயில்ல இருந்து வெளிய வர்ற ஆளுங்க அப்பப்ப வருவாங்க, முக்காவாசி செம்மரக் கேஸுதான். போன மாசம் ஒரு அம்மா மகனக் கூட்டிட்டு வந்தாங்க. ஆளு 43 கிலோ. உள்ளயே சளி டெஸ்ட் எடுத்து மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க, அதுக்கு கும்பிடு போடலாம். ஆனா ஜாமீன் பேப்பர் சாயங்காலம் வந்து ராத்திரி ஏழு மணிக்கு கேட்டைத் தொறந்து விட்டிருக்காங்க, அந்நேரத்துக்கு ஜெயில் டாக்டர் எங்க இருப்பாரு, மாத்திரை செல்லுலயே கெடக்குது, கையில பாதி கிழிஞ்ச தெலுங்கு சீட்டு ஒண்ணுதான்.

என்ன மாத்திரை தம்பின்னா "செவப்பா பெருசா இருக்கும் மேடம்". சரி, யூரின் என்ன கலர்ல போச்சு? "ஆரஞ்சா போச்சு, ரத்தம்னு பயந்தே போயிட்டேன், இப்ப பத்து நாளா நல்லாதான் போவுது." அவருக்கு நல்லாப் போவுது, எனக்கு வயித்தக் கலக்குது. ஆரஞ்சுன்னா ரிஃபாம்பிசின்ங்கிற டிபி மருந்து உள்ள போவுதுன்னு அர்த்தம், அது நின்னு பத்து நாளாச்சு! 6 மாசம் விடாம சாப்பிடணும், நடுவுல விட்டுவிட்டு சாப்பிட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும்.

நிக்ஷய்னு டிபி நோயாளிங்கள பதிவு பண்ற அரசாங்க வெப்சைட்டுல பேரு ஏத்தியிருந்தா இந்தியா பூரா ஒரே ஐடி, டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம். ஆனா பேர அங்க எந்த ஸ்பெல்லிங்ல அடிச்சாங்களோ, தேடித்தேடி கண்ணு பூத்துப்போச்சு, கடைசில சீட்ட போட்டோ எடுத்து தெலுங்கு தெரிஞ்ச லேப் பையனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பித்தான் நம்பர் கெடச்சுது. கிருமி மருந்துக்குப் பழகிடுச்சான்னு பாக்குற சிபிநாட் டெஸ்ட்டுக்கு மறுபடி சளி வாங்கிட்டு, தினம் மூணு மாத்திரைன்னு அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. சத்தா சாப்பிட அரசாங்கத்துல இருந்து மாசம் 1000 ரூபா வரும் (2024 நவம்பருக்கு முன்னாடி 500தான்), அதுக்கு பேங்க் பாஸ்புக் கேட்டா அம்மா என் மூஞ்சியவே பாக்குறாங்க.

1894 சிறைச் சட்டத்துலயே இருக்கு, கடுமையான நோயோட இருக்குற கைதிய டாக்டர் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கைதியோட விருப்பமில்லாம வெளிய அனுப்பக்கூடாதுன்னு. ஜாமீன் கெடச்சவன் எவன் இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு சொல்லுவான்? உள்ள போறப்ப வாங்கி வச்ச பர்ஸு பெல்ட்ட கையெழுத்து வாங்கிட்டு திருப்பிக் குடுக்குறாங்கல்ல, அதோட ஒரு மாச மாத்திரையும் போட்டுக் குடுக்க என்ன கேடு.

இந்த வாரம் வந்தாரு, ஒரு கிலோ ஏறியிருக்கு. அடுத்த மாசம் வாய்தாவாம், "திரும்ப உள்ள வச்சுட்டா என்ன மேடம் பண்றது"ன்னாரு. லேப் பையன விட்டு ஐடி, மாத்திரை விவரம் எல்லாம் தெலுங்குலயும் எழுதச் சொல்லி, மடிச்சு சட்டைப் பையில வச்சு அனுப்பியிருக்கேன்.