13,312 பைட்டுக்குள் ஒரு முத்துக்குளி

போன புதன்கிழமை, 2023 செப்டம்பர் 13, பிற்பகல் 3.52க்கு என் விளையாட்டின் ஜிப் கோப்பை ஏற்றிவிட்டேன். கெடு 4.30. கோப்பின் அளவு 13,306 பைட். ஆறு பைட் மிச்சம். ஜேஎஸ்13கே என்பது ஒரு மாதத்துக்குள், கொடுக்கும் தலைப்பில், ஜிப் செய்தால் 13 கிலோபைட்டைத் (13,312 பைட்) தாண்டாத உலாவி விளையாட்டு ஒன்றைச் செய்து அனுப்பும் போட்டி. அதில் இது எனக்கு மூன்றாவது வருடம், முடித்து அனுப்பியது இதுதான் முதல். 2021இல் ‘விண்வெளி’, 2022இல் ‘மரணம்’ என்று தலைப்பு வந்தது. இரண்டிலும் பாதியோடு நின்றுவிட்டேன். இந்த வருடம் ‘13ஆம் நூற்றாண்டு’ என்று பார்த்ததுமே எனக்குக் காயல்தான் ஞாபகம் வந்தது. நான் தூத்துக்குடிக்காரன். பழையகாயல் பேருந்தில் போனால் சீக்கிரம் வந்துவிடுகிற ஊர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்த துறைமுகம் அது. வேறு எதைப் பற்றி நான் செய்வது?

விளையாட்டு எளிமையானது. படகிலிருந்து குளியாள் இறங்குகிறார், பாரில் (கடலடியில் சிப்பி கிடக்கும் பாறைத் திட்டு) சிப்பி பொறுக்குகிறார், மூச்சு முட்டுவதற்குள் ஏற வேண்டும். சுறா வரும். மார்க்கோ போலோ சொல்லும் கணக்கை அப்படியே விதியாக வைத்தேன்: முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவை மந்திரத்தால் கட்டி வைப்பவருக்கு. பின்னாளில் நம் கடற்கரையில் கடல்கட்டி என்று அழைத்தது இவர்களைத்தான். அந்த மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டும்தான் செல்லும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். படித்தவுடன் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். 700 வருடத்துக்கு முன்னால் ஒருவர் எனக்காக விளையாட்டு விதி எழுதி வைத்த மாதிரி இருந்தது. பங்கு கொடுத்தால் பகலில் சுறா விலகிப் போகும். பேராசைப்பட்டுப் பொழுது சாய்ந்த பிறகும் இறங்கினால் போச்சு.

இதெல்லாம் முதல் பத்து நாளில் ஓடத் தொடங்கிவிட்டது. மீதி இருபது நாளையும் தின்றது ஒரே விஷயம்: தமிழ்.

உலாவியின் மொழி தமிழாக இருந்தால் விளையாட்டு தமிழில் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில். இதை விட்டுக்கொடுப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். காயலைப் பற்றி ஒரு விளையாட்டு செய்துவிட்டு அதில் காயல்காரன் பேசுகிற மொழி இல்லை என்றால் எனக்கு மனசு ஆறாது. ஆனால் வாக்களிக்கப் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கும் சக போட்டியாளர்கள், அதனால் ஆங்கிலமும் வேண்டும். ஆக ஒரே பெட்டிக்குள் இரண்டு மொழி. எழுத்துருவை வெளியிலிருந்து இழுக்கவும் கூடாது, எல்லாம் ஜிப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி.

எழுத்துகளைக் கணினி சேமித்து வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ‘சிப்பி’ என்று எழுதினால் ச, இகரக் கொம்பு, ப, புள்ளி, ப, இகரக் கொம்பு என்று ஆறு குறியீடு, 18 பைட். என்னிடம் கிட்டத்தட்ட 1,400 குறியீடுகள் இருந்தன. சுருக்கிய பிறகு இது குறையும் என்பது உண்மைதான், முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான் என்பதால் ஜிப் அதை நன்றாகவே அமுக்கும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. யூனிகோடு அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன்.

தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கியிருப்பது 128 இடம். நாம் உண்மையில் பயன்படுத்துவதெல்லாம் ஆய்தத்தில் ஆரம்பித்துப் புள்ளியில் முடிகிற 75 இடத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொரு இடத்தின் எண்ணிலிருந்தும் 2,912ஐக் கழித்தால் அத்தனையும் ஆஸ்கியின் (ஒரே பைட்டில் அடங்கும் ஆங்கில எழுத்து அட்டவணை) அச்சிடக்கூடிய பகுதிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன! க என்பது 5 ஆகிவிடும், ங என்பது 9, ச முக்காற்புள்ளி, புள்ளி ஆங்கிலச் சின்ன எழுத்து எம். ஓடும்போது 2,912ஐத் திரும்பக் கூட்டினால் தமிழ். ஒரே வரி நிரல்.

இதில் நான் அசந்துபோனது பின்சாய்கோடு விஷயத்தில்தான். ஜாவாஸ்கிரிப்ட் சரத்துக்குள் (நிரலில் மேற்கோளுக்குள் எழுதும் எழுத்துத் தொடர்) பின்சாய்கோடு வந்தால் தொல்லை என்பது தெரிந்ததே. அந்த இடத்துக்கு நேரான தமிழ் இடம் அட்டவணையில் காலி! வேறு பல இந்திய மொழிகளின் அட்டவணையில் நுக்தா (எழுத்தின் கீழே வைக்கும் புள்ளி) உட்காரும் இடம் அது, தமிழுக்கு நுக்தா கிடையாது. இரட்டை மேற்கோள் விழும் இடத்தில் இருப்பது அனுஸ்வாரம் என்ற மூக்கொலிக் குறி, அதையும் நாம் தொடுவதில்லை. ஆக சரங்களை இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் எந்தக் குறிக்கும் முன்னால் தனியாகப் பின்சாய்கோடு போட வேண்டியதில்லை.

ஆனால் நான் இரட்டை மேற்கோளுக்குள் வைக்கவில்லை. வரிகளை உடைக்க வசதி என்று பழக்கத்தில் பின்சாய் மேற்கோளை (`) வைத்திருந்தேன். அந்தக் குறி எந்தத் தமிழ்க் குறியீடு தெரியுமா? ஈகாரக் கொம்பு. கடல் விளையாட்டில் மீனும் நீரும் வராத வரி ஏது? ஒவ்வொரு ‘மீ’யிலும் ‘நீ’யிலும் சரம் அறுந்து, முதல் வரியில் ஏழாயிரத்துச் சொச்சமாவது எழுத்தில் பிழை என்று மட்டும் வந்தது. நிரலைச் சுருக்கும் டெர்ஸர் கருவியில் அடிக்கோட்டுப் பெயர்களைச் சுருக்கும் வசதியைப் போட்டிருந்ததால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு மாலை முழுக்கப் போனது. ‘சிப்பி’ வரும் வரியெல்லாம் பிழையில்லாமல் இருக்க, ‘மீன்’ வரும் வரி மட்டும் உடைகிறது என்று கண்ணில் பட்டபோது மணி ஒன்றரை. மேற்கோளை மாற்றினேன், ஓடியது. தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இதைச் செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு: எண்களை வரிக்குள் எழுதாதீர்கள், 5 எழுதினால் க வந்து நிற்கும். ‘பத்தில் ஒன்று’ என்று எழுத்தாலேயே எழுதிவிட்டேன், 13ஆம் நூற்றாண்டுக்கு அதுதான் பொருத்தமும். முற்றுப்புள்ளி வைத்தால் எ ஆகிவிடும், அதனால் முற்றுப்புள்ளியே இல்லை. இடைவெளியும் ஆச்சரியக்குறியும் தப்பித்துவிடும்.

எழுத்துரு கணினியில் இருப்பதுதான் என்பதால் இன்னொரு சிக்கல். விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ, மேக்கில் வேறொன்று. ஒரே வரி மூன்றிலும் மூன்று அகலம். அளந்து எழுத்தின் அளவைக் குறைக்க ஒரு சுழல் எழுதி வைத்திருந்தேன். அப்புறம்தான் கேன்வாஸில் (உலாவிக்குள் படம் வரையும் பரப்பு) எழுத்து வரையும் கட்டளைக்கு நான்காவதாக ஓர் எண் கொடுத்தால் அந்த அகலத்துக்குள் அதுவே நெருக்கிக்கொள்ளும் என்பது உறைத்தது. சுழலைத் தூக்கிவிட்டேன்.

இனி அளவுக் கணக்கு. செப்டம்பர் 4 அன்று சாதாரண ஜிப்பில் 15,388. ஈசிடி என்ற சுருக்கும் கருவியை வைத்து மறுபடி அமுக்கியதில் 140 போய் 15,248. தமிழ்க் குறியீட்டு மாற்றத்தில் 412 போய் 14,836. இதற்கு மேல் ரோடுரோலர், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இன்னும் இறுக்கிச் சுருக்கும் கருவி. 2021இல் வந்ததிலிருந்து 13கே ஆட்களுக்கு அது இல்லாமல் முடியாது, எனக்கும் அப்படித்தான்: 13,489. ரோடுரோலர் போட்ட பிறகு என் தமிழ் மாற்றத்தின் லாபம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்து என்ன பைட் வரும் என்று ஊகித்துச் சுருக்குவதுதான் அதன் வேலை என்பதால், திரும்பத் திரும்ப வரும் முதல் இரண்டு பைட்டை அதுவே கிட்டத்தட்டச் சும்மா ஆக்கிவிடுகிறது. ஆனாலும் லாபம் லாபம்தான், அந்த மாற்றம் இல்லாமல் நான் 13,312க்குள் வந்திருக்க மாட்டேன்.

ரோடுரோலரோடு வேலை செய்யும்போது பழைய பழக்கங்களை மறக்க வேண்டும். ஒரே மாதிரி நாலு வரி இருந்தால் கை தானாக அதைச் செயற்கூறாக்கப் போகும். வேண்டாம். அப்படியே நாலு தடவை எழுதினால்தான் பல சமயம் சின்னதாகிறது. கேன்வாஸ் கட்டளைகளின் நீளப் பெயர்களுக்குச் செல்லப்பெயர் வைத்துப் பார்த்தேன், 31 பைட் கூடியது. ஒரு பொருளின் பண்புகளை எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் எழுதியதில் 44 குறைந்தது. ஒரு விஷயம் மட்டும் கவனம்: பிரிப்பதற்கு அது நினைவகம் நிறைய எடுத்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும் பழைய கைபேசியில் திரை கறுப்பாகவே நின்றது. அதிகபட்ச நினைவக அளவைக் குறைத்துக் கொடுத்ததும் சரியாயிற்று, அதற்கு விலை ஒரு கைப்பிடி பைட். மேலே சொன்ன 13,489 அதைச் சேர்த்துத்தான்.

இந்தக் கட்டத்தில் எங்கள் தெருக்கோடி அண்ணாச்சியிடம் விளையாடக் கொடுத்தேன். அவர் சங்குகுளிக்குப் போகிறவர், அவருடைய அப்பா முத்துக்குளிக்குப் போனவர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அண்ணாச்சி இரண்டு தடவை விளையாடிவிட்டுச் சொன்னார்: “தம்பி, கல்ல விட்டுட்டுல்லா ஏறணும். உன் ஆளு கல்லோட ஏறுதானே, மூச்சு எங்க நிக்கும்?”

எனக்கு உடம்பே சிலிர்த்தது. குளியாள் காலில் கல்லோடு இறங்குவார் என்பது எனக்குத் தெரியும், படமும் வரைந்திருந்தேன். ஆனால் அடியில் போனதும் கல்லை விட்டுவிடுவார், மேலே இருப்பவர் கயிற்றால் கல்லை இழுத்துக்கொள்வார் என்பதை விளையாட்டில் வைக்கத் தோன்றவே இல்லை. இப்போது இடைவெளி விசைதான் கல்லை விடுவது. எப்போது விடுகிறீர்கள் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. சீக்கிரம் விட்டால் பாரை எட்டுவதற்குள் மிதந்துவிடுவீர்கள், தாமதித்தால் சிப்பி பொறுக்க மூச்சு இருக்காது. இதைச் சேர்த்த நிரலுக்கு ஈடாக ஜெல்லி மீன்களை நீக்கினேன், அளவு பழையபடி 13,489க்கே வந்தது. அவற்றுக்காக நான் வருந்தவில்லை.

177 பைட் அதிகம். மூன்று நாள். மாறிகளின் பெயர், எண்கள், நிறங்கள் என்று சொறிந்துகொண்டே இருந்தேன், ஒரு பக்கம் 6 குறைந்தால் மறுபக்கம் 9 கூடும். விடை நிரலில் இல்லை, ஜிப்பில் இருந்தது. படகின் படத்தைத் தனிக் கோப்பாக வைத்திருந்தேன். ஜிப்புக்குள் ஒரு கோப்பு இருந்தாலே, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும், தலைப்புக்கு 30 பைட், கடைசிப் பட்டியலுக்கு 46 பைட், இரண்டிலும் கோப்பின் பெயர். பெயர் ஐந்து எழுத்து, ஆக மொத்தம் 86. படம் 214. இந்த 300ஐத் தூக்கிவிட்டுப் படகை நாலு வளைகோட்டால் வரைந்தேன், அதற்கு 121. நிகர லாபம் 179. அளவு 13,310! இரண்டு பைட் உள்ளே!

செவ்வாய் இரவு ஒரு பிழை. கடல்கட்டிக்குப் பங்கு கொடுத்த மறுநாளும் சுறா விலகியே இருக்கிறது, மந்திரம் அவிழவில்லை. திருத்தினால் 9 பைட் கூடும், என்னிடம் இருப்பது இரண்டு. எல்லாச் சொற்களையும் மறுபடி படித்தேன். படகில் இருப்பவர் கூப்பிடுகிற இடத்தில் ‘கரைக்குத் திரும்பு’ என்று இருந்தது. ‘கரைக்கு வா’ என்று மாற்றினேன். 13 குறைந்தது. படகுக்காரர் அப்படித்தானே கூப்பிடுவார். அதுதான் 13,306.

ஒலிக்கு இசட்இசட்எஃப்எக்ஸ், ஒரு கிலோபைட்டுக்குள் அடங்குகிற குட்டி நூலகம், வேறு எதையும் தேடவே இல்லை. மூச்சுக்குத் திரையில் அளவுகோல் கிடையாது, இதயத் துடிப்புச் சத்தம் மட்டும்தான். மூச்சு குறையக் குறையத் துடிப்பு நெருங்கும். முதல் விசையை அழுத்தும் வரை உலாவி ஒலியை விடாது என்பதால் ‘இறங்கு’ என்ற முதல் திரையே அதற்கும் பயன்பட்டது. இந்தத் துடிப்பைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. காதில் மாட்டிக்கொண்டு விளையாடுங்கள்.

தொடுதிரைக்கு இன்னும் செய்யவில்லை, அதனால் கைபேசிப் பிரிவில் சேர்க்க முடியவில்லை. ஆறு பைட்டில் அது நடக்காது, அளவுக் கட்டுப்பாடு இல்லாத பதிப்பில்தான். அந்தப் பதிப்புக்குக் கடல் தொழிலில் பாடும் அம்பாப் பாட்டு ஒன்றைத் துடிப்போடு சேர்த்துப் பின்னால் ஓடவிட வேண்டும் என்று ஆசை. அண்ணாச்சி பாடித் தருகிறேன் என்றிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக்குப் போகிறேன். இந்த மாதக் கடைசியில் லுடம் டேர் 54 என்ற விளையாட்டு செய்யும் போட்டி வருகிறது, 48 மணி நேரம்தான், ஆனால் அளவு எல்லை இல்லை. அதில் காயலில் குதிரை இறக்கும் கப்பலை வைத்துச் செய்யலாமா என்று நேற்று ராத்திரியே தாளில் வரைந்துவிட்டேன். அரபுக் கடலைத் தாண்டி வந்த குதிரைகள், இறங்கு பலகை, மிரளும் ஒரு குதிரை. தலைப்பு என்னவென்று அப்போதுதான் தெரியும், பொருந்தாவிட்டால் அடுத்த ஆகஸ்டுக்கு எடுத்து வைப்பேன்.

அதற்கு முன்னால் தமிழ் மாற்றும் அந்த ஒரு வரியைத் தனியாகப் பிரித்து விளக்கத்தோடு போட்டுவைக்கிறேன். அடுத்த வருடம் 13கேயில் தமிழில் செய்ய நினைக்கும் யாரும் ஈகாரக் கொம்புக்காக ராத்திரி ஒன்றரை மணி வரை விழித்திருக்க வேண்டாம்.