அடிபட்ட வண்டியை எக்ஸ்சேஞ்சில் விட்ட கதை

என் டிசைர் கார் 2016 மாடல். 2022 அக்டோபரில் பாடாலூர் தாண்டி, முன்னால் போன லாரி சட்டென்று பிரேக் போட, நான் போய்ச் செருகினேன். ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குத்தான் முகமே போய்விட்டது. பம்பர், பானெட், ரேடியேட்டர், இடது ஹெட்லைட், ஃபெண்டர் எல்லாம் சேர்த்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பில் 96,400 ரூபாய். தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் இன்சூரன்ஸ் எடுக்காத புத்திசாலி நான். பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதி, ஐந்து வருஷம் தாண்டிய வண்டி என்று இரும்புக்கு 40 சதவீதம் என்று கழித்துக்கொண்டுதான் இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்தார்கள்.

2024 பிப்ரவரியில் இதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புது வண்டி எடுக்கலாம் என்று முடிவானது. "ஆக்சிடென்ட்னு வாயத் திறக்காதீங்க மாமா, அரை லட்சம் போயிடும்" என்றான் மச்சினன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதே கம்பெனி ஷோரூம். நம்பரைத் தட்டினால் சர்வீஸ் வரலாறு முழுக்க வந்து நிற்கும். பில், சேதத்தை மதிப்பிட்ட இன்சூரன்ஸ் சர்வேயரின் ரிப்போர்ட் நகல், ரிப்பேருக்கு முன் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் ஃபைலில் போட்டுக் கொண்டுபோனேன்.

விலை போட வந்த தம்பி கையில் செல்போன் அளவுக்கு ஒரு மீட்டர். பெயின்ட் கனத்தை அளக்கும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்குமாம். பானெட்டில் 210 காட்டியது. அவர் கண்டுகொள்ளவே இல்லை. போல்ட் கழற்றி மாற்றுகிற பாகம்தானே என்றார். பானெட்டைத் தூக்கி, இன்ஜினுக்கு இரு பக்கமும் பாடியோடு வெல்டிங் செய்த தகடான ஏப்ரனில் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் கம்பெனி போட்டபடியே இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதில்தான் நேரம் போனது. கதவு ரப்பரை உரித்து, கூரையைத் தாங்கும் பில்லரையும் பார்த்தார்.

பிறகு இடது பின்கதவில் மீட்டரை வைத்தார். 780.

"சார், இங்க என்ன ஆச்சு?"

எங்கள் அபார்ட்மென்ட் கேட் தூணில் உரசியது. இன்சூரன்ஸ் எதற்கு என்று தெருமுனை டிங்கரிங் கடையில் 3,000 ரூபாய்க்கு பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தேன். பில்லும் இல்லை, போட்டோவும் இல்லை. லாரியில் மோதியதற்கு என்னிடம் காகிதம் இருந்தது. தூணில் உரசியதற்கு வாய்ப்பேச்சுதான். "பக்கவாட்டுல பெருசா அடி வாங்கியிருக்குமோன்னு அடுத்து வாங்குறவர் கேப்பார் சார்" என்றார். நியாயம்தான்.

முதல் விலை 3,35,000. போட்டோக்களில் ஏப்ரன் நசுங்காமல் இருப்பதைக் காட்டியதும் 3,60,000. வெளியே ஒரு பழைய கார் வியாபாரி 3,70,000 கேட்டிருந்ததைச் சொன்னேன். அதே தொகைக்கு முடிந்தது. எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000 தனி. இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகத்தான் முதலில் சொன்னார்கள், பிரித்து எழுதித் தரச் சொன்ன பிறகே கணக்கு புரிந்தது.

இன்சூரன்ஸில் இன்னொரு விஷயம். கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ். லாரி கிளெய்மால் என்னுடையது பூஜ்யமாகி, அடுத்து ஒரு வருஷம் கிளெய்ம் இல்லாததால் 20 சதவீதத்துக்கு வந்திருந்தது. அது வண்டிக்கு உரியதல்ல, நமக்கு உரியது. பழைய கம்பெனியிடம் கடிதம் வாங்கிப் புது பாலிசியில் கழித்துக்கொண்டேன். ஷோரூமில் யாரும் இதை வாய்திறந்து சொல்லவில்லை.

வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டதோடு, வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி சீல் வைத்த ரசீதும் வாங்கினேன். அதிகப்பிரசங்கித்தனம் என்றாள் மனைவி. ஏப்ரலில் கரூர் பக்கம் வேகமாகப் போனதாக என் செல்லுக்கு சலான் வந்தது. ரசீதைப் போட்டோ எடுத்து ஷோரூமுக்கு அனுப்பினேன், நான்கு தடவை போன் செய்தேன், அவர்களே கட்டினார்கள். மே மாதக் கடைசியில் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே தெரிந்த எழுத்துகள் என் பெயருடையவை அல்ல.