உடுக்கை வடிவ ஸ்பிரிங்கை வரைந்த கதை

மெத்தை செய்யும் நண்பர் ஒருவருக்குப் படம் வேண்டியிருந்தது. மெத்தைக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஆள் உட்காரும்போது எப்படி அமுங்குகிறது என்று காட்ட வேண்டும். "ஒரு ஸ்பிரிங்தானே, சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்று வாயைக் கொடுத்தேன். நான்கு நாள் பிடித்தது.

அது போனல் வகை ஸ்பிரிங். மேலும் கீழும் அகன்று, நடுவில் உடுக்கை போல ஒடுங்கியிருக்கும். வெர்னியர் அளவுகோலில் அளந்தேன்: கம்பி 2.2 மி.மீ., ஓர வளையம் 75, இடுப்பு 44.2, உயரம் 130, மொத்தம் ஐந்து சுற்று. முதல் தவறு அங்கேயே நடந்தது. வெர்னியர் காட்டுவது வெளி விட்டம். நான் வரையும் சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண மென்பொருள் கேட்பதோ கம்பியின் நடுக்கோட்டு விட்டம். 75 என்றே போட்டதால் ஸ்பிரிங் 77.2-க்கு வீங்கி வந்தது. விட்டத்திலும் உயரத்திலும் ஒரு கம்பித் தடிமனைக் கழித்தபின்தான் சரியானது.

சாலிட்வொர்க்ஸில் சுருள் வரையும் ஹெலிக்ஸ் கருவியில் கூம்பு வடிவம் எளிது. ஒடுங்கி மறுபடி விரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் விட்டத்தை அட்டவணையில் கொடுக்கலாம். கொடுத்துப் பார்த்தேன், இடுப்பு வளைவு எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் வேறு வழிக்குப் போனேன். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, அதுதான் அச்சு. அதிலிருந்து கிடையாக ஒரு கோடு எடுத்து, முறுக்கிக்கொண்டே மேலே ஸ்வீப் செய்தால், அதாவது இழுத்துக்கொண்டு போனால், சுழல் மாடிப்படி போல ஒரு பரப்பு வரும். உடுக்கையின் பக்கவாட்டு வளைவை அச்சைச் சுற்றி ரிவால்வ் செய்தால் இன்னொரு பரப்பு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோடுதான் கம்பியின் பாதை. கிடைக்கோட்டை அச்சின் இரு பக்கமும் நீட்டிவிட்டதால் முதல் தடவை இரண்டு கம்பிகள் சடைப்பின்னல் மாதிரி வந்து நின்றன. கோடு அச்சில்தான் தொடங்க வேண்டும்.

பார்க்க அழகாக இருந்தது, ஆனால் தப்பு. நிஜ ஸ்பிரிங்கில் இரண்டு ஓர வளையங்களும் தட்டையாகப் படுத்திருக்கும். அதனால் சுழல் பரப்பை நடு மூன்று சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேலும் கீழும் தட்டை வட்டவில் போட்டேன். சேருமிடத்தில் ஏற்றம் பத்து டிகிரிக்கு மேல் இருந்ததால் கம்பி ஒடிந்தது போலத் தெரிந்தது. இரு பக்கமும் கால் சுற்று வெட்டிவிட்டு, தொடுகோடு மாறாமல் ஸ்ப்லைன் என்ற வழுவழுப்பான வளைகோடு ஒன்றைக் கொடுத்து இணைத்தேன்.

அடுத்தது முடிச்சு. கம்பி நுனி தன் வளையத்தையே இரண்டு சுற்று சுற்றி முடியும். அதற்கும் அதே தந்திரம்தான்: 2.25 மி.மீ. கோட்டை வளையத்தின் மேலேயே முறுக்கி ஸ்வீப் செய்தால் பரப்பின் விளிம்பு முடிச்சின் பாதையாகிவிடும். ஏன் 2.2 இல்லை? கம்பியும் கம்பியும் மிகச் சரியாகத் தொட்டுக்கொண்டால் பூஜ்யத் தடிமன் என்று மென்பொருள் அடம்பிடிக்கும். நூலிழை இடைவெளி விட்டால் பேசாமல் இருக்கும்.

அமுங்கிய நிலைக்கு உயரத்தை 60 ஆக்கினேன். படம் சரியாகத்தான் இருந்தது. ஏதோ சந்தேகத்தில் பாதையின் நீளத்தை அளந்தால், நடுப்பகுதிக் கம்பி சுமார் 13 மி.மீ. குறைந்திருந்தது. எஃகுக் கம்பி அப்படிச் சுருங்குமா என்ன? ஓர வளையங்கள் பக்கத்து ஸ்பிரிங்குகளோடு கட்டுண்டிருப்பதால் சுற்றுகளும் அவிழாது. அந்த நீளம் விட்டத்துக்குள்தான் போக வேண்டும். இடுப்பை இரண்டரை மி.மீ. அகட்டியதும் நீளம் பழையபடி வந்தது. படத்தில் யாரும் கவனிக்கப்போவதில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நண்பர் வந்து, கையிலிருந்த ஸ்பிரிங்கைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் சரிண்ணே. ஆனா இது இடப்பக்கமா சுத்துது, உங்களது வலப்பக்கமா சுத்துதே?"

மிரர் செய்து கொடுத்தேன்.