உடைந்த சைடு பேனலும் மலைக் குளிரும்

மலைப்பாதையில் பைக் சாய்வது பெரும்பாலும் வேகத்தால் அல்ல. நீலகிரியின் கல்லட்டி போன்ற ஒரு கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் திரும்புவோம், ஈரத்தில் ஊறிய தைல மரச் சருகில் டயர் வழுக்கும், வண்டி மெல்லப் படுக்கும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியான டூமில் ஒரு விரிசல், சைடு பேனலில் வண்டியோடு செருகிப் பிடிக்கும் ஒரு காது காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். உடனே ஃபெவிக்விக் வாங்க ஓடாதீர்கள். அது கண்ணாடிபோல் இறுகும்; வண்டியின் அதிர்வுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காமல் மறுபடி விரியும். இரண்டாம் முறை சரியாக ஒட்ட வேண்டுமென்றால் அந்தப் பழைய பசையைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலை.

முதலில் அது எந்த பிளாஸ்டிக் என்று பாருங்கள். பாகத்தைக் கழற்றி உட்புறச் சேற்றைத் துடைத்தால் ஏபிஎஸ், பிபி என்று ஏதாவது ஓர் அச்சு இருக்கும். பெயின்ட் அடித்த டூம், சைடு பேனல், டெயில் பேனல் எல்லாம் அநேகமாக ஏபிஎஸ். பெயின்ட் இல்லாத கறுப்பு மட்கார்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் தட்டு போன்றவை பெரும்பாலும் பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன். அச்சு இல்லையென்றால் கத்தியால் ஒரு சிறு சீவல் எடுத்து, துளி சோப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். சந்தேகம் இருந்தால் வெளியே தெரியாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஏபிஎஸ்.

ஏபிஎஸ்ஸுக்கு ஏபிஎஸ்தான் பசை. உடைந்த துண்டுகளையோ பழைய பேனல் ஒன்றையோ பெயின்ட் போகத் தேய்த்து, அரிசி அளவுக்கு நறுக்கி, 10 கிராமுக்கு 25 மில்லி கணக்கில் அசிட்டோனில் ஊறவையுங்கள். இரும்பு மூடி போட்ட கண்ணாடி பாட்டில்தான் வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் பெரும்பாலும் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். மறுநாள் தேன் பதத்துக்கு வந்துவிடும்.

விரிசல் முடியும் நுனியில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் விரிசல் அங்கிருந்து மேலே ஓடும். பிறகு உட்பக்கத்தில் விரிசல் நெடுக ஆங்கில ‘வி’ வடிவில், பேனல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு, பள்ளம் சீவுங்கள். முன்பக்கம் டேப் ஒட்டி இரு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, வெறும் அசிட்டோனைத் தூரிகையால் தடவி ஒரு நிமிடம் இளகவிடுங்கள். அதன் மேல் ஊறவைத்த ஏபிஎஸ் கரைசல். பள்ளம் நிரம்பியதும் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொசுவலைத் துண்டைப் பதித்து, மேலே இன்னும் இரண்டு பூச்சு. ஒரு பூச்சு 1 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. தடிமனாக அப்பினால் மேல்தோல் காய்ந்துவிடும், உள்ளே அசிட்டோன் சிக்கிக்கொண்டு குமிழி கட்டும். பெயின்ட் அடித்த பிறகு அந்த இடம் குழிந்து காட்டிக்கொடுக்கும்.

நீலகிரியில் இந்த வேலையைக் கெடுப்பது பனிமூட்டம். அசிட்டோன் ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் தண்ணீர் கோத்து, பூச்சு சுண்ணாம்பு போல வெளுக்கும். வெளுத்த பூச்சுக்கு வலு இல்லை, சுரண்டிவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். வெயில் உள்ள நாளில் காலை 11 மணிக்கு மேல் தொடங்கி 3 மணிக்குள் முடியுங்கள். பேனலை முதலில் வெயிலில் வைத்துச் சூடேற்றுங்கள். கோவையில் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடும் பூச்சுக்கு ஊட்டியில் அரை நாள் விடுங்கள். உப்புத்தாள் போட நான்கு நாளாவது பொறுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கணப்பு அடுப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி நெருப்பைத் தேடிப் போகும்.

காது உடைவதற்கு வேறு காரணம். அது நுழையும் ரப்பர் புஷ் வயதாகிக் கெட்டிப்பட்டிருக்கும், சர்வீஸில் பேனலைப் பிடித்து இழுக்கும்போது புஷ் விடாது, காது முறியும். ஆகவே காதைச் சரிசெய்யும் முன் புஷ்ஷை மாற்றுங்கள். பழைய பேனலிலிருந்து அதே காதை அறுத்தெடுத்து, அதிலும் மிச்சமிருக்கும் அடியிலும் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, சைக்கிள் ஸ்போக் துண்டு ஒன்றை நடுவில் செருகுங்கள். முறிந்த முகங்களுக்குக் கரைசல் தடவி, புது புஷ்ஷில் சோப்புத் தண்ணீர் விட்டு, பேனலை வண்டியிலேயே மாட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மேசைமேல் வைத்து ஒட்டினால் அரை மில்லிமீட்டர் கோணலாகும், மாட்டும்போது மறுபடி உடையும். பிடித்துக்கொண்ட பிறகு மெதுவாகக் கழற்றி, அடியைச் சுற்றி இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள்.

பிபி கதை வேறு. அசிட்டோன் அதைத் தொடாது, அரால்டைட் பசை தகடாக உரிந்து வரும். உருக்கித்தான் சேர்க்க வேண்டும். தட்டை முனை வைத்த சால்டரிங் அயர்னும், அதே மட்கார்டின் மறைவான ஓரத்தில் சீவிய ஒரு பட்டையும் போதும். பிபி சுமார் 165 டிகிரியில் உருகும். புகை வந்தால் சூடு அதிகம், கருகிய பிளாஸ்டிக் பிடிக்காது. இரண்டு பக்கமும் உருக்குங்கள். வெளியே தெரியாத பாகம் என்றால், விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி ஜோடி ஜோடியாகத் துளையிட்டு கேபிள் டை போட்டுத் தைத்துவிடுவதே மேல். அழகில்லை, ஆனால் நிற்கும். உறைபனிக் காலத்துக் காலையில் பிபி பாகங்களைக் கழற்றவே வேண்டாம். குளிரில் விறைத்த கிளிப்புகள் வளையாமல் முறியும்.

மாட்டும்போது போல்ட்டைச் சுற்றித் துளைக்குள் உட்காரும் இரும்பு வளையமான காலர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் முறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கி, துளையைச் சுற்றி விரியும். போல்ட் கழன்றுபோகாமலிருக்கப் போடும் திரெட் லாக் திரவமும் ஏபிஎஸ்ஸில் பட்டால் விரிசல் விடும். பிரேக் ஆயிலும் பெட்ரோலும் அதே ரகம்தான். பேனலைப் பெட்ரோல் போட்டுத் துடைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

ஒட்டிய இடத்தை பெயின்ட் இல்லாமல் விடக்கூடாது. ஏபிஎஸ் புற ஊதாக் கதிருக்கு நலியும். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அந்தக் கதிர் சமவெளியைவிட இங்கே கடுமை. உப்புத்தாள் 180, 320, கடைசியில் 800 தண்ணீர்த்தாள், பிரைமர், கலர். பிபிக்கு மட்டும் அதற்கென்று உள்ள பிரைமர் வேண்டும், சாதாரணமானது தோலாக உரியும்.

ஹெட்லைட் கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், அதன் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகாதீர்கள், மயிரிழை விரிசல் விழும். முன் மட்கார்டு ஃபோர்க்கில் மாட்டும் இடத்திலேயே பிளந்திருந்தால் மேலே சொன்ன எந்த வழியும் வேண்டாம், புதிது வாங்குங்கள். இறக்கத்தில் அது கழன்று சக்கரத்துக்குள் போனால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.