மலைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்ட அனுபவம்

வேலூரில் ஓர் அரசுக் கல்லூரியில் படிக்கிறேன். ஜவ்வாது மலை எங்களுக்குப் பக்கம்தான். ஆனாலும் என் வகுப்பில் மலைப் பிள்ளைகள் யாருமே இல்லை. பழங்குடியினருக்கு 1 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. விண்ணப்பம் போட்டால்தானே இடம்? அதனால் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிலர் ஒடுகத்தூர் வழியாக மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தை பக்கம் போக ஆரம்பித்தோம்.

படிக்க ஆசை அங்கே நிறையவே இருந்தது. பலர் கையில் சாதிச் சான்றிதழ்தான் இல்லை. மற்ற பிரிவினருக்குத் தாலுகா ஆபீசோடு வேலை முடிந்துவிடும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும், விசாரணையும் உண்டு. அப்பாவிடமோ அண்ணனிடமோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் சுலபம். இல்லாத வீட்டில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு அலைய ஆரம்பித்தால் அந்த வருடம் போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். பொதுவாக விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும்தான். இதைச் சொன்னதும் ஓர் அம்மா, "கம்ப்யூட்டர் கடையில முந்நூறு கேட்டாங்களே தம்பி" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் ஓடிபி. ஒரு தங்கச்சிக்குப் பதிவு செய்தபோது அது கேரளாவில் கூலி வேலையிலிருந்த அவள் அப்பாவின் போனுக்குப் போனது. அவருக்கு எழுத்து தெரியாது. பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பினோம். இந்த முறை அவர் ஆளைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். அதிலிருந்து எப்போதும் வீட்டிலேயே இருக்கும் போன் நம்பரைத்தான் கொடுக்கிறோம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் என்று சொன்னால் அம்மாக்கள் கிட்டே வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. ஆனால் அம்மாக்கள் முதலில் கேட்பது, "எங்க தங்குவா?" என்றுதான். தினமும் மலை ஏறி இறங்கிப் படிக்க முடியாது. அதனால் இடம் கிடைத்த கையோடு அரசு விடுதிக்கும் விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிடுகிறோம்.

இந்த வருடம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடமே சாதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களுக்கு இப்போதே மனு போட ஆரம்பித்திருக்கிறோம்.