வலது கை ஃபாஸ்ட் பவுலர், இடது பக்கம் முதுகு வலி: நாங்க பட்ட பாடு

பையன் டிஸ்ட்ரிக்ட் அண்டர்-16 கிரிக்கெட் ப்ராபபிள்ஸ் லிஸ்ட்ல, அதாவது டீமுக்கு எடுக்க யோசிக்கறவங்க பட்டியல்ல, வந்துட்டான். வாழ்த்து சொன்னவங்களுக்கெல்லாம் நன்றி, ஆனா அதுல பாதிப் பேரு "முதுகுல ஃப்ராக்சர் ஆனவன் எப்படிங்க திரும்ப போட ஆரம்பிச்சான்"னு தான் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, மொத்தமா கொட்டிடறேன்.

நாங்க சேலம். ஃபாஸ்ட் பவுலர் நடராஜன் இங்க பக்கத்துல சின்னப்பம்பட்டில இருந்து இந்தியா டீம் வரைக்கும் போனதுல இருந்து இங்க தெருவுக்கு நாலு பேரு யார்க்கர் (பேட்ஸ்மேன் காலடில குத்தற பந்து) போட்டுப் பழகறானுங்க, நம்மாளும் அதுல ஒருத்தன், ஆனா வலது கை. போன வருஷம் மளமளன்னு வளந்தான், வேகமும் ஏறுச்சு, கூடவே கீழ்முதுகுல இடது பக்கமா ஒரு வலி. அகாடமி கோச் "மசில் கேட்ச், ஸ்ப்ரே அடிச்சிட்டு போடு"ன்னார். எலும்பு டாக்டர் ஒருத்தர் எக்ஸ்ரே எடுத்துட்டு நார்மல்னு சொல்லி பெல்ட் எழுதிக் குடுத்தார். மாத்திரை போட்டா வலி போகும், ரெண்டு ஸ்பெல் (ஒரே மூச்சுல போடற சில ஓவர்) போட்டா திரும்ப வந்து உக்காந்துக்கும்.

கோயம்புத்தூர்ல ஸ்போர்ட்ஸ் டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டினப்ப அவர் எந்த மெஷினையும் தொடல. "இடது கால்ல மட்டும் நில்லு, அப்படியே பின்னால வளை"ன்னார். பையன் பாதி வளையறதுக்குள்ள முகம் சுருங்கி கைய இடுப்புல வச்சுட்டான். வலது கால்ல நின்னு வளைஞ்சப்ப ஒண்ணும் இல்ல. அதுலயே அவருக்கு தெரிஞ்சிருச்சு, வலது கை பவுலருக்கு பெரும்பாலும் இடது பக்கம் தான் எலும்புல விரிசல் விடுமாம். எம்ஆர்ஐ எழுதினார்.

பஸ் செலவு மிச்சம்னு சேலத்துலயே எம்ஆர்ஐ எடுத்தோம், அங்க தான் கூத்து. ரிப்போர்ட்ல "டிஸ்க் நார்மல்"னு இருக்கு, டிஸ்க்னா முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்த! அத தூக்கிட்டு கோயம்புத்தூர் போனா டாக்டர் படத்த வெளிச்சத்துல பாத்துட்டு கீழ வச்சுட்டார். சாதாரண இடுப்பு ஸ்கேன்னா டிஸ்க்க தான் பாப்பாங்களாம், எலும்புக்குள்ள வர வீக்கம் தெரியணும்னா கொழுப்ப மறைச்சு எடுக்கற படம் வேணுமாம், எஸ்டிஐஆர்னு பேரு. சீட்டுல அவரும் எழுதல, ஸ்கேன் சென்டர்ல இருந்தவரும் "பையன் பவுலரா, எதுக்கு எடுக்கறீங்க"ன்னு ஒரு வார்த்த கேக்கல. திரும்ப காசு, திரும்ப அந்த சத்தம் போடற குழாய்க்குள்ள. இந்தவாட்டி எல்5ல, அதாவது கீழ்முதுகோட கடைசி முள்ளெலும்புல, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னு (திரும்பத் திரும்ப பாரம் விழுந்து வர விரிசல்) தெளிவா வந்துச்சு. உங்க பசங்களுக்கு எடுக்கறதா இருந்தா சீட்டுலயே "ஃபாஸ்ட் பவுலர், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் சந்தேகம், எஸ்டிஐஆர் வேணும்"னு எழுதி வாங்கிட்டு போங்க, படத்த கம்ப்யூட்டர்ல பாக்கற மாதிரி பதிஞ்சு தர சிடியையும் கேட்டு வாங்குங்க, வெறும் ஃபிலிம் போதாது.

எதனாலன்னு கேட்டா டாக்டர் திருப்பி ஒரே கேள்வி தான் கேட்டார், வாரத்துக்கு எத்தன பந்து போடறான்? யாருக்கும் தெரியல. காலைல அகாடமி நெட்ஸ் (வலைக்குள்ள ப்ராக்டிஸ்), சாயங்காலம் ஸ்கூல் டீம், ஞாயித்துக்கிழம லீக், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கிட்ட போட்டத மட்டும் தான் கணக்குல வச்சிருக்காங்க, நெட்ஸ்ல போட்டது யார் கணக்குலயும் இல்ல. இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு அண்டர்-15 ஃபாஸ்ட் பவுலருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 6 ஓவர், நாளைக்கு 12 ஓவர்னு கோடு போட்டு வச்சிருக்கு, நம்ம ஊர்ல நெட்ஸ்ல பேட்ஸ்மேன் களைச்சுப் போற வரைக்கும் பவுலர் போட்டுட்டே இருக்கணும். ஆக்‌ஷனும் ஒரு காரணம். பின்கால் ஊனறப்ப இடுப்பு ஒரு பக்கம் பாக்குது, தோள் இன்னொரு பக்கம் திரும்புது, கம்பிய ஒரே எடத்துல மடக்கி மடக்கி விட்டா என்ன ஆகுமோ அது தான் ஆச்சு.

மூணுல இருந்து ஆறு மாசம் பந்தத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. பிசியோ பயிற்சி ஒழுங்கா போச்சு, பிளாங்க், பிரிட்ஜ், இடுப்ப மடக்கிக் குனியற பழக்கம், எல்லாம் போரடிக்கற சமாச்சாரம் தான். மனசு தான் பாடாப் படுத்திருச்சு. கூட ஆடறவன் விக்கெட் எடுத்த வீடியோ வந்தா போன கவுத்து வச்சிருவான், சாப்பாடு இறங்காது. ஆஸ்திரேலியா ஃபாஸ்ட் பவுலர் பேட் கம்மின்ஸ் 2011ல 18 வயசுல ஜோகன்னஸ்பர்க்ல மொத டெஸ்ட் ஆடிட்டு, அடிமேல அடிபட்டு அடுத்த டெஸ்ட்டுக்கு 2017 ராஞ்சி வரைக்கும் காத்திருந்தாருன்னு சொன்னேன், "அவ்வளவு வருஷமாப்பா"ன்னு இன்னும் பயந்துட்டான். ஆன்லைன்ல மைண்ட் கோச்னு ஒருத்தர் கிட்ட காசு கட்டினோம், கண்ண மூடி கப் வாங்கற மாதிரி நெனைக்க சொன்னார், அவ்வளவு தான் கிளாஸ்.

உண்மையான சிக்கல் திரும்ப போட ஆரம்பிச்சப்ப தான் தெரிஞ்சுது. எலும்பு கூடிடுச்சுன்னு ஸ்கேன் சொல்லுது, பையன் ஓடி வரான், கிரீஸுக்கு ரெண்டு எட்டு முன்னாடி தானா வேகத்த கொறைக்கறான், முன்கால் மெதுவா விழுது. பிசியோம்மா தான் வழி சொன்னாங்க. மொதல்ல நின்ன எடத்துல இருந்து, அப்புறம் நடந்து வந்து, அப்புறம் பாதி ரன்-அப், ஒருநாள் விட்டு ஒருநாள் தான். ஒவ்வொரு பந்துக்கும் முன்னாடி மார்க்ல நின்னு பந்தோட தையல விரலால ஒருதரம் தடவி, மூச்ச நீளமா வெளிய விட்டு, ஸ்டம்ப்போட அடிய மட்டும் பாத்து கெளம்பணும். பந்து போட்டு திரும்பி நடக்கறப்ப எத வேணா நெனைச்சுக்கலாம். ஆஸ்திரேலியாவோட பழைய பேட்ஸ்மேன் கிரெக் சேப்பலும் பேட்டிங்குக்கு இதையே தான் சொல்லுவார், கவனத்த நாள் பூரா இறுக்கிப் புடிக்காம பந்து வர நேரத்துக்கு மட்டும் முழுசா வை, நடுவுல தளர்த்துன்னு. கப் கனவ விட இந்த தையல் தடவறது நல்லாவே வேல செஞ்சுது.

செலக்‌ஷன் பத்தி தெரியாதவங்களுக்கு: வெயில்ல மணிக்கணக்கா உக்காத்தி வச்சு, பேர் கூப்பிட்டு, ஆறே ஆறு பந்து. அவ்வளவு தான் உங்க பையனோட தலையெழுத்து. அதனால வீட்டுக்குப் பக்கத்து கிரவுண்ட்ல அதையே பழக்கினோம், மத்தியானம் சும்மா உக்கார வச்சு, திடீர்னு எழுப்பி ஆறு பந்து. முன்னாடி பத்து பேர் இருக்கறப்பவே வார்ம்-அப் ஆரம்பிச்சிரணும், பேர் கூப்பிட்டதுக்கு அப்புறம் நேரம் கெடையாது. யோ-யோ டெஸ்ட்டும் (பீப் சத்தத்துக்கு ஏத்த மாதிரி ஓடற ஃபிட்னஸ் டெஸ்ட்) வச்சாங்க, 20 மீட்டர் போய்ட்டு வந்தா 10 செகண்ட் தான் ரெஸ்ட், பசங்க தோக்கறது மூச்சுல இல்ல, திரும்பற எடத்துல. கோட்டத் தாண்டி மூணு எட்டு ஓடிட்டு திரும்பறவன் சீக்கிரம் காலி.

ரிஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல இருந்தவர் பர்த் சர்டிஃபிகேட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடின்னு ஃபார்ம திருப்பிக் குடுத்துட்டார். ஸ்கூல் போனஃபைட் (இங்க தான் படிக்கறான்னு ஸ்கூல் குடுக்கற சர்டிஃபிகேட்) ஒரிஜினல் பைல இருந்ததால தப்பிச்சோம், பக்கத்துல நின்ன ஒரு பையன் அதே காரணத்துக்கு அழுதுட்டே வீட்டுக்குப் போனான். பேர் விஷயத்த முன்கூட்டியே சரி பண்ணி வைங்க. மேல போனா எலும்பு வயசு டெஸ்ட் வேற இருக்கு, இடது மணிக்கட்டு எக்ஸ்ரே, டிடபிள்யூ3ம்பாங்க, அதுக்கும் இதே காகிதம் தான் கேப்பாங்க.

இப்ப வீட்ல ஒரு நோட்டு இருக்கு, நெட்ஸ், மேட்ச் எல்லா பந்தும் அவனே எழுதணும். போன வாரம் ஸ்கூல் மேட்ச்ல பிடி சார் ஏழாவது ஓவரும் நீயே போடுடான்னிருக்கார். பையன் பைல இருந்து நோட்ட எடுத்து காட்டிருக்கான். சாருக்கு பயங்கர கோவம், எனக்கு போன் போட்டு கத்தினார். ஆனா பந்த வேற பையன் கிட்ட குடுத்துட்டார்.