சும்மா கிடக்கும் டொமைனில் ஒரே ஒரு பக்கம்

உங்கள் பெயரில் டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், ஏதாவது சும்மா கிடந்தால் இப்போதே அதை பிரவுசரில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வெள்ளைப் பக்கம் வரும், அதில் சம்பந்தமே இல்லாத நாலைந்து விளம்பரச் சுட்டிகள் இருக்கும், இந்த டொமைன் பார்க் செய்யப்பட்டிருக்கிறது என்று கீழே ஒரு வரி இருக்கும். வருடா வருடம் பணம் கட்டுவது நீங்கள், அந்த விளம்பரத்தை யாராவது தட்டினால் காசு போவது பெரும்பாலும் டொமைன் விற்ற கம்பெனிக்கு. நாமே இப்படி விளம்பரம் காட்டும் பார்க்கிங் சேவையில் சேர்த்துச் சம்பாதிக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆள் வராத டொமைனில் அது டீச்செலவுக்குக்கூடக் காணாது. போதாததற்கு 2025லிருந்து கூகுளே தன் விளம்பரதாரர்களை இந்த மாதிரிப் பக்கங்களிலிருந்து தானாக விலக்கிவைக்கத் தொடங்கிவிட்டது. அந்த வழியை மறந்துவிடலாம்.

நான் சொல்வது வேறு. அந்த டொமைனில் ஒரே ஒரு பக்கம் போடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு விஷயம், தமிழில், போனில் ஒழுங்காகத் திறக்கிற மாதிரி. அவ்வளவு போதும்.

என் டொமைன் ஒன்றில் இப்போது இருப்பது பாரம்பரிய நெல் ரகங்களின் அட்டவணை. ரகத்தின் பெயர், வயது, விதைக்கும் பட்டம், எந்த நிலத்துக்கு ஆகும், அரிசி எதற்கு நல்லது என்று ஐந்து நெடுவரிசை. பூங்கார் சுமார் 90 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் வரை நிற்கும், செட்டிநாட்டு விருந்துகளில் இனிப்பு செய்யும் கருப்புக் கவுனி இரண்டுக்கும் நடுவில். இதெல்லாம் புதுத் தகவல் இல்லைதான். ஆனால் யூடியூபில் இருபது நிமிட வீடியோவின் நடுவில் எங்கேயோ ஒரு வாக்கியமாகத்தான் கிடைக்கும், எந்த ரகத்துக்கு எத்தனை நாள் என்று வயலில் நின்றுகொண்டு பார்ப்பதற்கு ஒரு பக்கம் வேண்டுமல்லவா? உங்களுக்கு நெல் தெரியாமல் இருக்கலாம், தையல் அளவு தெரியும், ஊர் பஸ் நேரம் தெரியும், வில்லங்கச் சான்றிதழை எப்படிப் படிப்பது என்று தெரியும். அதை எழுதுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களிடம் எல்லோரும் தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் போடு என்பார்கள். ஒரு பக்கத்துக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடும் சர்வர் வேண்டும், டேட்டாபேஸ் வேண்டும், தீம், பிளகின் என்று ஒவ்வொன்றையும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும், நாலு மாதம் கவனிக்காமல் விட்டால் யாரோ உள்ளே புகுந்து மாத்திரை விற்கும் சுட்டிகளைச் சொருகிவிட்டுப் போவார்கள். பக்கத்தை விவரிக்கும் குறிகள் மட்டும் உள்ள வெறும் எச்டிஎம்எல் கோப்பில் உடைவதற்கு ஒன்றும் கிடையாது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-91ல் சேர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் இணையதளத்தை அதன் பழைய முகவரியிலேயே மறுபடி ஏற்றிவைத்திருக்கிறார்கள், அது இன்றைய போனிலும் திறக்கிறது.

செய்முறைக்கு வருவோம். நோட்பேடில் ஒரு கோப்பு, பெயர் இண்டெக்ஸ், கடைசியில் டாட் எச்டிஎம்எல். தலைப்பு, ஒரு பத்தி, ஒரு அட்டவணை. கோப்பின் மேலே, பக்கத்தில் தெரியாத ஹெட் பகுதியில், பிரவுசருக்குக் குறிப்புச் சொல்லும் இரண்டு மெட்டா வரிகளை மட்டும் விடவே கூடாது. முதலாவது எழுத்துக் குறியீடு எது என்று சொல்லும் சார்செட் யூடிஎஃப்-8, அது இல்லையென்றால் தமிழ் எழுத்துக்குப் பதில் மேலே கோடும் புள்ளியும் போட்ட வெளிநாட்டு எழுத்துகளாக வந்து நிற்க வாய்ப்புண்டு. கோப்பையும் யூடிஎஃப்-8 ஆகவே சேமிக்க வேண்டும். இரண்டாவது பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட், அது இல்லாவிட்டால் போனில் முழுப்பக்கமும் எறும்பு அளவுக்குச் சுருங்கித் தெரியும். ஃபாண்ட் எதையும் தனியாக ஏற்ற வேண்டாம், ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. வரி இடைவெளியை மட்டும் 1.7 அளவுக்குக் கூட்டிவையுங்கள், நம் எழுத்துக்குக் கொக்கியும் சுழியும் மேலேயும் கீழேயும் நீளும், ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியில் அவை ஒன்றோடொன்று இடிக்கும். அப்புறம், ஐந்து நெடுவரிசை உள்ள அட்டவணை போனில் வலப்பக்கம் வெளியே ஓடும். அட்டவணையை டிவ் என்ற எச்டிஎம்எல் பெட்டிக்குள் வைத்து அதன் ஸ்டைலில் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ என்று கொடுத்தால் அட்டவணை மட்டும் விரலோடு நகரும், பக்கம் அசையாது.

கோப்பை இணையத்தில் வைக்கும் ஹோஸ்டிங்குக்குக் காசு தர வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் இருக்கிறது, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் இருக்கிறது, இரண்டிலும் இதை இலவசமாக வைக்கலாம். கிட்ஹப்பில் இலவசக் கணக்கு என்றால் ரெப்போ, அதாவது கோப்புகளை வைக்கும் இடம், பப்ளிக்காக இருக்க வேண்டும், ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை இடம், நம் பக்கமோ சில கேபிதான் வரும். கடை நடத்த அங்கே அனுமதி இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கமாண்ட் லைன் எதுவும் தெரிய வேண்டியதில்லை, பிரவுசரிலிருந்தே கோப்பை இழுத்துப் போடலாம். செட்டிங்ஸில் பேஜஸ் பகுதியைத் திறந்து உங்கள் டொமைனை எழுதுங்கள்.

இனிதான் பலரும் மாட்டிக்கொள்கிற இடம், டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ். டொமைன் விற்ற கம்பெனியின் பேனலில் கிட்ஹப் தருகிற நாலு ஐபி முகவரிகளையும் ஏ ரெக்கார்டாகப் போட வேண்டும், 185.199.108.153ல் ஆரம்பித்து மூன்றாவது எண் மட்டும் 111 வரை மாறும். டபிள்யூடபிள்யூடபிள்யூ-வுக்கு சிநேம் என்ற, இன்னொரு பெயரைக் காட்டும் ரெக்கார்டு போட்டு உங்கள் கிட்ஹப் முகவரியைக் காட்ட வேண்டும். இதைப் பலரும் சரியாகவே செய்துவிடுவார்கள். பழைய பார்க்கிங் ரெக்கார்டை நீக்குவதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அது அங்கேயே இருந்தால் ஒரு தடவை உங்கள் பக்கம் வரும், இன்னொரு தடவை விளம்பரப் பக்கம் வரும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நாலு ஏ என்று ஒரு ரெக்கார்டு வகை இருக்கிறது, ஐபிவி6 என்ற புதுவகை ஐபி முகவரிக்கானது, ஏ ரெக்கார்டு பழைய ஐபிவி4க்கானது. அதில் பார்க்கிங் முகவரி மிச்சம் இருந்தால், ஐபிவி4 மட்டும் உள்ள வீட்டு பிராட்பேண்டில் தளம் அழகாகத் திறக்கும், ஐபிவி6ல் ஓடும் ஜியோ போனில் விளம்பரப் பக்கம் போய் நிற்கும். நட்சத்திரக் குறி போட்ட ரெக்கார்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், வேறு தளத்துக்குத் திருப்பிவிடும் ஃபார்வர்டிங்கையும் அணைத்துவிடுங்கள். பழைய ரெக்கார்டை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 3600 என்றிருந்தால் அது விநாடிக் கணக்கு, ஒரு மணி நேரத்தில் பழையது மறந்துபோகும். இந்த ரெக்கார்டுகளையெல்லாம் வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினால் இரண்டு நாள் வரை ஆகலாம், அதுவரை எதையும் நோண்டாமல் இருப்பது நல்லது.

தளத்துக்கும் பிரவுசருக்கும் இடையிலான இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழுக்கு, அதாவது பூட்டுச் சின்னத்துக்கு, தனியாகக் காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு வந்ததிலிருந்து அந்தச் சான்றிதழ் இலவசம், கிட்ஹப் அதைத் தானே வாங்கித் தானே புதுப்பித்துக்கொள்ளும், எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்ற பெட்டியை டிக் செய்தால் போதும்.

தளம் ஏறியதும் ஒரு ஆசை வரும். ஏஐயிடம் சொல்லி இன்னும் ஐம்பது பக்கம் எழுதி நிரப்பி கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் வாங்கிவிடலாமே என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். தேடலில் மேலே வருவதற்காகவே மொத்தமாகக் குவிக்கும் பக்கங்களுக்கும், காலாவதியான டொமைனின் பழைய பெயரை வைத்துப் பிழைப்பதற்கும் எதிராக கூகுள் 2024 மார்ச்சில் தனித்தனியாக விதி கொண்டுவந்தது. விதியை விடுங்கள், நெல் வயதைத் தப்பாகச் சொல்லும் பக்கத்தை நம்பி ஒருவர் பட்டம் தவறி விதைத்தால் என்ன ஆகும்? சரிபார்த்த பத்து வரி எனக்குப் போதும். ஏலத்தில் எடுத்த பழைய டொமைன் என்றால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அதன் பழைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சூதாட்டத் தளமாக இருந்திருந்தால் அந்தக் கெட்ட பெயர் கூடவே வரலாம்.

அந்த டொமைனிலிருந்து மின்னஞ்சல் அனுப்பப் போவதில்லை என்றால், எந்த சர்வருக்கும் அனுமதி இல்லை என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியை அதே டிஎன்எஸ் பேனலில் டெக்ஸ்ட் ரெக்கார்டாகப் போட்டுவையுங்கள். சும்மா கிடக்கும் பெயர்களில் போலி மெயில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பக்கம் எழுதக்கூட விஷயம் தோன்றாத டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம், முதல் வருட விலைக்கும் புதுப்பிக்கும் விலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஆனால் விடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள், அந்தப் பெயரில் எப்போதாவது மெயில் முகவரி வைத்து அதைக் கொண்டு வேறு எங்கேயாவது கணக்குத் திறந்திருக்கிறீர்களா என்று. நீங்கள் விட்ட பிறகு அதை வாங்குகிறவர் அதே மெயில் முகவரியை உருவாக்கி உங்கள் பாஸ்வேர்டு ரீசெட் கடிதங்களை வாங்கிக்கொள்ள முடியும். அந்தக் கணக்குகளையெல்லாம் வேறு மெயிலுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஆட்டோ ரெனிவலை அணையுங்கள்.